விலை ஏறும்போது விமானம் ஏறுவது யார்?

பொருளியல் பாடத்தில் ஒரு வரைபு வரும். வருமானம் கூடக் கூட மக்கள் எதை எவ்வளவு அதிகமாக வாங்குவார்கள் என்று காட்டும் வரைபு. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கொஞ்சம் ஏறிவிட்டு அப்படியே படுத்துவிடும். வருமானம் கூடிவிட்டது என்பதற்காக யாரும் மூன்று மடங்கு சோறு சாப்பிடப் போவதில்லையே. ஆனால் விமானப் பயணக் கோடு வேறு மாதிரி. வருமானம் பத்து வீதம் ஏறினால் அதற்கான கேள்வி பத்து வீதத்துக்கும் மேலே ஏறும். வருமானம் இறங்கினால் அதைவிட வேகமாக இறங்கும். ஆகவே விமானப் பயணம் ஓர் ஆடம்பரப் பண்டம் என்று எழுதினால் முழுப் புள்ளி.

நாங்களும் அப்படித்தான் எழுதினோம். நாங்கள் என்றால், தெமோதரையைச் சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்து வேறு வேறு பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களுக்குப் போன சில பேர். லீவு கிடைத்தால் ஊரில் ஒன்றுகூடுவோம், கதைப்போம். அப்படிக் கதைக்கும்போது ஒரு நாள் ஒரு வேலை செய்தோம். எங்கள் லயங்களில் இதுவரை விமானம் ஏறியவர்கள் யார் யார், எந்த வருடம், எதற்காக என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தோம். சுற்றுலா போனவர் என்று ஒருவரும் இல்லை. கையில் காசு மிஞ்சியதால் ஏறியவரும் இல்லை. ஏறியவர்கள் எல்லோரும் காசு போதாமல் ஏறியவர்கள். அதிகம் பேர் ஏறிய வருடம் 2022.

நாடே வங்குரோத்தான வருடம் அது. வரைபின்படி பார்த்தால் விமானப் பயணம் விழுந்திருக்க வேண்டிய வருடம். உண்மையில் விழுந்தும்தான் இருந்தது. விழுந்தது ஒரு பக்கம், ஏறியது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கக்கூடிய ஊர் எங்களுடையது.

முதலில் விழுந்த பக்கம்.

பொருளாதாரம் ஆட்டம் காணும்போது விமானப் பயணம் மூன்று வழியில் அடி வாங்கும். ஒன்று எண்ணெய். ஒரு விமான நிறுவனத்தின் செலவில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எரிபொருளுக்கே போகிறது. மசகு எண்ணெய் ஏறினால் டிக்கெட்டும் ஏறும். இரண்டாவது பயணியின் பை. வாடகை, மின்சாரம், சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் விடுமுறைப் பயணம். மிச்சம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். மூன்றாவது பயம். வேலை இன்னும் போகவில்லை, சம்பளம் இன்னும் குறையவில்லை, ஆனால் குறையலாம் என்று செய்தியில் சொல்கிறார்கள். அது போதும். விடுமுறைப் பயணத்தை மாதக்கணக்கில் முன்னாடியே திட்டமிடுகிறார்கள்; அதனால் மந்தம் வருவதற்கு முன்பே மந்தம் பற்றிய பயம் வந்து ஆசனங்களைக் காலி செய்துவிடும்.

2008இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தன. அடுத்த வருடம் உலக விமானப் பயணிகள் போக்குவரத்து 3.5 வீதம் குறைந்ததாக சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கணக்குச் சொன்னது. 2020இல் கொரோனா, ஒரேயடியாக 66 வீதம் விழுந்தது. 2022இல் நடந்தது கொஞ்சம் விசித்திரம். ஜூனில் அமெரிக்காவின் பணவீக்கம் 9.1 வீதம். ஒக்டோபரில் பிரித்தானியாவில் 11.1 வீதம். இரண்டும் அந்த நாடுகள் நாற்பது வருடமாகக் காணாத அளவு. மந்தம் வரப்போகிறது என்று எல்லாரும் பயந்தார்கள். ஆனாலும் இரண்டு வருடமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் சேமித்த காசை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். 2023இல் உலகப் போக்குவரத்து 2019இன் 94 வீதத்துக்குத் திரும்பிவிட்டது.

அப்படிப் பறந்தவர்கள் 2022இல் எங்கள் பக்கம் வரவில்லை. அதுதான் எங்கள் கதை.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டி வரும் கோச்சிப் பாதை தெமோதரையில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும். இதைப் பார்க்க உலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்களுக்கு அது பள்ளிக்கூடம் போன பாதை. பாலத்துப் பக்கம் செவ்விளநீர் வெட்டுகிற அண்ணன்மார், ரொட்டி சுடுகிற அக்காமார், த்ரீவீல் ஓட்டுகிறவர்கள், ஹோம்ஸ்டேயில் துணி துவைக்கிறவர்கள் என்று தோட்டத்துப் பெயர்ப் பதிவுக்கு வெளியே ஒரு வருமானம் மெதுவாக உருவாகியிருந்தது. 2018இல் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 லட்சத்துக்கு மேல். அந்த வருடத்து நம்பிக்கையில் லீசிங் போட்டு த்ரீவீல் எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

பிறகு 2019 ஏப்ரல் 21. குண்டு வெடித்தது. அதன் பின் கொரோனா. 2021இல் வருடம் முழுக்க வந்தவர்கள் 1 லட்சத்து 94 ஆயிரம்தான். 2022 தொடக்கத்தில் மறுபடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மார்ச்சில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்போதுதான் டொலர் தீர்ந்தது. பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை, 13 மணிநேர மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. மே மாதம் வந்தவர்கள் ஏறக்குறைய 30 ஆயிரம். 2018 மே மாதம் வந்தவர்கள் 1 லட்சத்து 29 ஆயிரம். குண்டு வெடித்த அடுத்த மாதமான 2019 மே மாதத்தில்கூட 37 ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். அதாவது குண்டைவிட வரிசைதான் அதிகம் பேரை விரட்டியது.

இதில் பாடப்புத்தகம் சொல்லாத ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாட்டின் நாணயம் விழுந்தால் அந்த நாடு வெளிநாட்டவருக்கு மலிவாகிறது. ஆகவே சுற்றுலா கூட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360. வெளிநாட்டுக்காரருக்கு நாங்கள் ஏறக்குறைய பாதி விலை. ஆனாலும் வரவில்லை. சும்மா கிடைத்தாலும், எல்லவிலிருந்து திரும்பிப் போகப் பெற்றோல் கிடைக்குமா என்று பயந்தால் யார் வருவார்?

பயணிகள் மட்டுமல்ல, விமானங்களும் பயந்தன. கொழும்பில் விமான எரிபொருள் தட்டுப்பாடு. நீண்ட தூரம் போகும் விமானங்கள் திருவனந்தபுரம், கொச்சி, சென்னை என்று இறங்கி எண்ணெய் நிரப்பிப் போயின. ஜூன் தொடக்கத்தில் ஒரு வழக்குக் காரணமாக ஏரோஃப்ளோட் விமானம் கட்டுநாயக்கவில் மறிக்கப்பட்டது. அந்த நிறுவனம் சேவையை நிறுத்திவிட்டு ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. ரஷ்யர்கள் அந்த வருடம் இந்தியர்களுக்கு அடுத்ததாக அதிகம் வந்தவர்கள். எங்கோ ஒரு நீதிமன்றத்தில் வந்த கட்டளைக்கு எங்கள் ஊர் இளநீர்க் குலை வாடியது.

"வெள்ளக்காரங்க வராட்டி என்னடா, நம்மகிட்ட கொழுந்து இருக்குன்னு நெனச்சோம். கொழுந்தும் இல்ல," என்றார் அப்போது த்ரீவீலை லீசிங்காரனிடம் திருப்பிக் கொடுத்த அண்ணன் ஒருவர். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ததில் செடி காய்ந்திருந்தது. கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர்தான். முழுப்பேருக்கே 1,000 ரூபா.

இனி ஏறிய பக்கம்.

அந்த 1,000 ரூபா 2021 மார்ச்சில் பெரிய போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த நாட்சம்பளம். கிடைத்தபோது அது ஐந்து டொலர். ஒரு வருடத்தில் மூன்று டொலருக்கும் கீழே. கோதுமை மா கிலோ 400 ரூபாவைத் தொட்ட நாட்களும் வந்தன. காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி என்று இருக்கிற லயத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. உணவுக்கு மட்டும் 95 வீதத்தை நெருங்கியது. நாட்டில் வறுமை ஒரே வருடத்தில் 13 வீதத்திலிருந்து 25 வீதமாக ஏறியது என்று உலக வங்கி சொன்னது. தோட்டப்புறங்களில் பாதிப்பேருக்கு மேல்.

சுற்றுலாப் பயணியை வரவழைக்காத அதே ரூபா வீழ்ச்சி, எங்கள் அக்காமாரிடம் வேறு மொழியில் பேசியது. வீட்டு வேலைக்கு மாதம் 1,000 சவூதி ரியால் என்று சொன்னார்கள். பழைய விலையில் அது 53 ஆயிரம் ரூபா சொச்சம். புதிய விலையில் 95 ஆயிரம். தோட்டத்தில் மாதம் 20 நாள் வேலை கிடைத்து, 20 நாளும் கிலோ நிறைந்தால் 20 ஆயிரம். அதிலும் பிடிப்பணம் போகும். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பட்டப்படிப்பு வேண்டாம்.

2021இல் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனவர்கள் 1 லட்சத்து 22 ஆயிரம். 2022இல் 3 லட்சத்து 11 ஆயிரம். அந்த வருடம் வழங்கிய கடவுச்சீட்டுகள் 9 லட்சத்துக்கு மேல். எங்கள் பக்கத்திலிருந்து இராத்திரி பஸ் ஏறி பத்தரமுல்லைக்குப் போய், பாயை விரித்து ரோட்டோரத்தில் படுத்து, மறுநாளும் முடியாமல் அதற்கு அடுத்த நாள் எடுத்தவர்கள் உண்டு. 2022 ஜூலையில் அந்த வரிசையில் இரண்டு நாள் நின்ற மலைநாட்டுக் கர்ப்பிணி ஒருவருக்கு அங்கேயே வலி வந்து குழந்தை பிறந்த செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நிறையப் பேர் அதை ஆச்சரியச் செய்தியாகப் பகிர்ந்தார்கள். எங்கள் வீடுகளில் அதை ஆச்சரியமாக யாரும் பார்க்கவில்லை.

அரசாங்கமும் கதவை அகலத் திறந்தது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதற்கான குறைந்த வயதை 2022 ஜூனில் 21 ஆகக் குறைத்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கான விதியும் தளர்ந்தது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றுநிருபம் வந்தது. நாட்டுக்கு டொலர் வேண்டும். டொலர் கொண்டுவரும் சுற்றுலாப் பயணி வரவில்லை. ஆகவே எங்கள் சித்திமாரை அனுப்பி டொலரை எடுக்கப் பார்த்தார்கள்.

அந்த வருடத்துப் பயம் இரண்டு பேருக்கும் பொதுவானது. ஒருவர் பயத்தில் டிக்கெட்டை ரத்துச் செய்தார். இன்னொருவர் பயத்தில் டிக்கெட்டை எடுத்தார். புள்ளிவிபரத்தில் முதலாமவர் "கேள்வி வீழ்ச்சி". இரண்டாமவர் "கேள்வி அதிகரிப்பு". இரண்டாவதை ஆடம்பரப் பண்டம் என்று எப்படி எழுதுவது?

எங்களில் ஒருத்தியின் சித்தி அந்த செப்டெம்பரில் போனார். அவருடைய டிக்கெட்டை அவர் வாங்கவில்லை. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதை எடுத்துக் கொடுப்பது பொதுவாக அங்குள்ள முதலாளிதான். ஏஜென்சிக்கு கொமிசன், ஊருக்கு வந்து ஆள் பிடிக்கிறவருக்கு ஒரு பங்கு, போகிறவர் கையில் முற்பணம் கொஞ்சம். சித்தி அந்த முற்பணத்தில் கடைக்கடனைக் கட்டி, மகனுக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்கி, மிச்சத்தை அம்மாச்சி கையில் வைத்துவிட்டுப் போனார். விமான டிக்கெட் இரண்டு மடங்காக ஏறியிருந்தாலும் அவர் போயிருப்பார். அந்த விலை அவர் கண்ணிலேயே படவில்லை. விலை ஏறினால் கேள்வி குறையும் என்ற விதி போகிற பாதையில் அவரைத் தொடவே இல்லை.

தொட்டது திரும்பி வருகிற பாதையில்.

2023இல் அம்மாச்சி செத்துப்போனார். ஒப்பந்தம் இரண்டு வருடம், அதில் பாதிதான் முடிந்திருந்தது. நடுவில் வருவதென்றால் டிக்கெட் சொந்தச் செலவு, அதுவும் வீட்டுக்காரர் சம்மதித்தால். நாளைக்கே பறக்க வேண்டும் என்றால் விலையும் வேறு. மிஞ்சியிருக்கிற ஆசனம் குறையக் குறைய விலையை ஏற்றிக்கொண்டே போவதுதான் விமானக் கம்பனிகளின் வழக்கம். மூன்று மாதத்துக்கு முன் திட்டமிடுகிற சுற்றுலாப் பயணிக்கு ஒரு விலை, சாவு வீட்டுக்கு ஓடி வருகிறவருக்கு ஒரு விலை. அவரிடம் கேட்டது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். மகனுடைய டியூசன் காசையும் வீட்டுக் கூரைத் தகரத்தையும் நினைத்து, சித்தி வரவில்லை. இமோவில் பார்த்தார். லயத்து வாசலில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, சிக்னல் விட்டு விட்டு வர, பெட்டி மூடும்வரை பார்த்தார். மகன் போனுக்கு முன்னால் வரமாட்டேன் என்றான்.

இந்த இடத்தில்தான் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடுகின்றன என்று எங்களுக்குப் பட்டது. சுற்றுலாப் பயணியைக் கொண்டுவரும் விமானமும் பணிப்பெண்ணைக் கொண்டுபோகும் விமானமும் பல நேரம் ஒன்றேதான். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர் துபாயிலோ தோஹாவிலோ மாறி ஏறி வருவார். அந்த விமானம் திரும்பிப் போகும்போது எங்கள் ஆட்கள் ஏறுவார்கள். சுற்றுலாப் பயணிகள் வராவிட்டால் கம்பனி என்ன செய்யும்? சேவையைக் குறைக்கும். ஆசனம் குறைந்தால் மிச்ச ஆசனத்தின் விலை ஏறும். அங்கே ஒரு குடும்பம் மந்தத்துக்குப் பயந்து விடுமுறையை ரத்துச் செய்வதற்கும், இங்கே ஒரு மகள் சாவு வீட்டுக்கு வர முடியாமல் போவதற்கும் நடுவில் இப்படி ஒரு கயிறு கட்டியிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்று சொல்கிறார்கள். ஒரு விதத்தில் உண்மை. 2023இல் 15 லட்சம் அளவில் இருந்த சுற்றுலாப் பயணிகள் 2024இல் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். பாலத்துப் பக்கம் மறுபடி கூட்டம். வங்கி வழியாக வந்த வெளிநாட்டுப் பணம் 2022இல் 379 கோடி டொலர்; 2024இல் 657 கோடி. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனது. விமானப் பயணத்துக்கான கேள்வி மீண்டுவிட்டது என்று தலைப்புப் போடலாம்.

ஆனால் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள்? நெருக்கடிதான் அனுப்பியது என்றால் நெருக்கடி தீர அந்த எண் குறைந்திருக்க வேண்டும். 2024இல் அது 3 லட்சத்து 14 ஆயிரம். 2022ஐவிடக் கொஞ்சம் கூட.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். ஏறிய விலையில் பெரும்பகுதி மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தோட்டச் சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபா அடிப்படையாக வர்த்தமானியில் வந்தது. 2021 விலையில் 1,000 ரூபாவுக்கு வாங்கியதை அப்போது அந்த 1,350க்கு வாங்க முடியவில்லை. சுற்றுலாப் பயணிக்குப் பயம் போனால் போதும், திரும்பி வந்துவிடுவார். சித்திமாருக்குப் பயம் போய்ப் பயனில்லை. கணக்குச் சரிவர வேண்டும். அது இன்னும் சரிவரவில்லை. அதனால்தான் ஒரு கோடு விழுந்து எழுந்தது, மற்றக் கோடு ஏறிய இடத்திலேயே நிற்கிறது.

எங்களுக்கு இதில் சில வேண்டுகோள்கள் உண்டு. பெரிய கோட்பாடு ஒன்றும் இல்லை. விமானப் பயணம் மீண்டது என்று எழுதுகிறவர்கள் எந்தப் பயணம், யாருடைய பயணம் என்று இரண்டாகப் பிரித்து எழுதட்டும். ஆசைக்குப் போகிறவரையும் அரிசிக்குப் போகிறவரையும் ஒரே கூட்டலில் போட்டால் வருகிற விடை இரண்டு பேருக்கும் பொருந்தாது. பணிப்பெண் ஒப்பந்தத்தில் போகும் டிக்கெட் எப்படி உறுதியோ, அப்படியே சாவுக்கும் கடும் நோய்க்கும் இடையில் ஒரு தடவை வந்துபோகும் டிக்கெட்டும் உறுதியாக இருக்கட்டும். டொலரைக் கொண்டுவருகிறார்கள் என்று மேடையில் வீராங்கனை என்று சொல்வதைவிட அது பிரயோசனம். இன்னொன்று, எல்லவிலும் தெமோதரையிலும் புழங்குகிற சுற்றுலாக் காசில் லயத்துக்கு வருவது செவ்விளநீர்க் காசும் துணி துவைக்கிற காசும்தான். அந்தப் பங்கு கூடினால், அடுத்த நெருக்கடியில் பத்தரமுல்லை வரிசையில் பாய் விரிக்கிறவர்களில் இரண்டு பேராவது குறைவார்கள்.

சித்தி ஒப்பந்தம் முடிந்து வந்தார். கூரைக்குத் தகரம் போட்டாயிற்று. மகன் சாதாரண தரம் எழுதப் போகிறான். சித்தி மறுபடி போகிற யோசனையில் இருக்கிறார். "இன்னொரு ரெண்டு வருசம், அவன் ஏ.எல். முடிக்கிறவரைக்கும்," என்கிறார். போகாதீங்க என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சொல்வதென்றால் கையில் வேறொரு கணக்கு இருக்க வேண்டும்.

எங்களில் இரண்டு பேரும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறோம். கலைப்பட்டம் முடித்துவிட்டு வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிற அண்ணன்மாரைப் பார்த்து எடுத்தது. இன்னும் ஒரு முத்திரையும் விழவில்லை. ஊர் சுற்றிப் பார்க்கவோ மேலே படிக்கவோ அது திறக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. மா விலை திறந்துவிடக் கூடாது என்பது எங்கள் பயம்.